செவிலியரிடையே பணியிடத் துன்புறுத்தலும் வேலையை விட்டுப் போவதும்: எல்லைப்புற மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறையிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வரை நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் செவிலியர் பலர். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும் மலை ஏறுகிறவர்களும் உண்டு. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு. வார்டில் பத்தொன்பது ஆண்டுகளும், பின்னர் செவிலியர் கண்காணிப்பாளராகச் சில ஆண்டுகளும் இந்தத் தமிழ்நாடு-கேரள எல்லையில் வேலை பார்த்த எனக்கு, இளைய செவிலியரும் அவர்களுடைய பெற்றோரும் சில சமயம் மருத்துவமனை நிர்வாகிகளும் திரும்பத் திரும்ப வைத்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மூத்த சிஸ்டர் கண்டிப்பதும் துன்புறுத்தலும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. இன்சுலின் அளவை இரண்டாவது ஆளிடம் காட்டாமல் ஏற்றப்போன பெண்ணை அந்த இடத்திலேயே தடுத்துச் சத்தம் போடுவது கண்டிப்பு. அது நடந்தே ஆக வேண்டும். அதே பெண்ணை அதன்பின் மூன்று மாதம், நோயாளியின் உறவினர் முன்னிலையிலும், அந்தத் தவறோடு தொடர்பே இல்லாத வேலைகளிலும் குத்திக்காட்டிக்கொண்டிருப்பது துன்புறுத்தல். பணியிடக் கொடுமையை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரான சுவீடன் உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், வாரத்துக்கு ஒரு முறையேனும், ஆறு மாதமேனும் தொடரும் செயல்களையே அந்தப் பெயரால் குறித்தார். ஆறு மாதக் கணக்கு ஆய்வுக்கு வேண்டுமானால் பொருந்தும். முதல் வேலையில் சேர்ந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஆறு வாரத்திலேயே உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் சொன்னவற்றுள் இரண்டை விட முடியாது: செயல் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், படுகிறவர் எதிர்த்து நிற்க முடியாத நிலையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால், செய்கிறவர் என்ன நோக்கத்தோடு செய்தார் என்ற விவாதம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

திட்டுவதும் அவமானப்படுத்துவதும்தானே துன்புறுத்தல்? எங்கள் வார்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லையே?

திட்டு வெளியே தெரிந்துவிடும். டாக்டர் காதில் விழும், நோயாளியின் மகன் கேட்டுக்கொண்டிருப்பான். அதனால் அனுபவமுள்ளவர்கள் திட்டுவதில்லை. என் அனுபவத்தில் துன்புறுத்தல் மிகுதியாக நடப்பது வாயால் அன்று, டூட்டி லிஸ்டால். ஒரே பெயருக்கு மாதந்தோறும் தொடர் நைட் விழுகிறது. நைட் முடித்து இறங்கும் நாளையே வார ஆஃப் என்று கணக்கெழுதுகிறார்கள். தமிழ்ப் பெண்ணுக்குப் பொங்கலன்றும், கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கிறிஸ்துமஸ் இரவிலும், அவள் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தும், டூட்டி போடப்படுகிறது. பயிற்சியே கொடுக்காத தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆள் குறைகிறது என்று அவளை மட்டும் அனுப்புகிறார்கள். படுக்கைகளைப் பிரிக்கும்போது, இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நோயாளிகள் எல்லாரும் எப்படியோ அவள் பங்குக்கே வந்துவிடுகிறார்கள். எதிலும் யார் மேலும் விரல் நீட்ட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும். மூன்று மாத லிஸ்டை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

அடுத்தது, ஓவர் எடுக்கும் நேரம், அதாவது ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிய செய்திகளைக் கேட்டுப் பொறுப்பேற்கும் நேரம். முந்தைய ஷிப்டின் செவிலியர் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விடுவார்: ஏழாம் படுக்கைக்கு ரத்தம் வரவிருக்கிறது, பதினோராம் படுக்கைக்காரர் நாளைக் காலை அறுவைக்குப் பட்டினி கிடக்க வேண்டும். மறுநாள் தவறு நடந்த பிறகு, ‘கேட்டிருக்க வேண்டியதுதானே’ என்பார். கன்னியாகுமரிப் பக்கத்தில் இதைப் பார வைப்பது என்கிறோம். மலையாளத்திலிருந்து வந்த சொல். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய, உலகெங்கும் பயன்படும் 22 கேள்விகள் கொண்ட படிவத்தில் முதல் கேள்வியே இதுதான்: உங்கள் வேலையைப் பாதிக்கும் தகவலை யாராவது உங்களிடமிருந்து மறைக்கிறார்களா? திட்டு பற்றிய கேள்வி பின்னால்தான் வருகிறது.

எல்லையில் மொழியும் இதற்குக் கருவியாகிறதா?

ஆகிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது; எங்கள் பேச்சில் மலையாளம் கலந்திருப்பதால் பாறசாலைக்குப் போகும் பெண்ணுக்கு மொழி அவ்வளவு பெரிய தடையில்லை. தேனி, தென்காசி மாவட்டங்களிலிருந்து போகிறவர்களுக்கு அப்படியில்லை. சொற்கள் ஒன்றுபோல் இருப்பதே அங்கே ஆபத்து. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர், பனி என்றால் காய்ச்சல். நான் இருந்த ஒரு மருத்துவமனையில், கிழவி ஒருத்திக்குத் துணையாக வந்தவர் ‘அம்மைக்குப் பனியுண்டு’ என்றபோது, கம்பத்திலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகாத பெண் ஏசியைக் குறைத்துவிட்டுப் போர்வை கொண்டுவந்தாள். காய்ச்சல் பார்க்கவில்லை. தவறுதான், வெப்பமானியை எடுக்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் திருத்தியிருக்கலாம். அதற்குப் பதிலாக ‘ஏசி சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார்கள். கேன்டீன்காரர்கூட அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார். பாண்டி என்ற சொல்லும் கூடவே வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழரைக் குறைத்துச் சொல்ல அந்தச் சொல் எப்படிப் பயன்படுகிறது என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பக்கமும் கை சுத்தமில்லை. நாகர்கோவிலிலும் கோயம்புத்தூரிலும் மலையாளச் செவிலியர் இருவர் தங்களுக்குள் தாய்மொழியில் பேசினாலே ‘எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்’ என்று வார்டுக்குப் பொறுப்பான மூத்த செவிலியரான இன்சார்ஜிடம் புகார் போகும். ஓவர் கொடுப்பதை மட்டுமாவது எல்லாருக்கும் புரியும் ஒரு மொழியில், எழுதியும் சொல்லியும் செய்வது என்று விதி வைத்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

துன்பம் அறிந்த செவிலியரே இன்னொரு செவிலியருக்கு ஏன் இதைச் செய்கிறார்கள்?

அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் ஜூடித் மைஸ்னர் 1986-இல், நம் குஞ்சுகளை நாமே தின்கிறோமா என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். செவிலியர் உலகில் அந்தத் தொடர் இன்றும் வழங்குகிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1983-இல், சூசன் ராபர்ட்ஸ் என்பவர் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரேயின் சிந்தனையைச் செவிலியருக்குப் பொருத்திக் காட்டினார்: மேலே உள்ளவரை எதிர்க்க முடியாத கூட்டம், தன் கோபத்தைப் பக்கத்திலும் கீழேயும் உள்ளவர் மீது இறக்கும். கூட்டுக் குடும்பத்தில் மாமியார் பட்டதை மருமகளிடம் காட்டும் கதைதான் இது என்று ஒரு மேட்ரன் எனக்குச் சொன்னார். அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இந்த விளக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எல்லாம் மனக்கோளாறு என்று நிர்வாகம் கையைக் கழுவிவிடும். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இருபது பேருக்கு ஒருவராக நிற்கும் இரவில், பக்கத்தில் ஒரு புதுப் பெண் எதைக் கேட்டாலும் அது இடைஞ்சலாகத்தான் தோன்றும். கற்றுக்கொடுக்க நேரமில்லாத இடத்தில் எரிச்சல் வழக்கமாகி, வழக்கம் பண்பாடாகிறது.

வேலையை விடுவதற்குச் சம்பளம்தானே காரணம்? துன்புறுத்தலை ஏன் இழுக்க வேண்டும்?

சம்பளம் காரணமில்லை என்று எந்தச் செவிலியரும் சொல்ல மாட்டார். கேரளத்தில் 2011, 2012 ஆண்டுகளில் தனியார் மருத்துவமனைச் செவிலியர் வேலைநிறுத்தங்கள் வெடித்ததும், அவர்கள் நிலையை ஆராய மாநில அரசு பலராமன் குழுவை அமைத்ததும் இந்தக் கோபத்தில்தான். 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையின்படி அமைந்த மத்தியக் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. கேரள அரசு 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது.

ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே சம்பளத்தில், மூன்றாம் மாடி வார்டில் ஆறு ஆண்டுகளாக அதே முகங்கள் இருக்க, இரண்டாம் மாடி வார்டு ஆண்டுதோறும் காலியாவதை எப்படி விளக்குவது? சம்பளம் மாடிக்கு மாடி மாறுவதில்லை, மாறுவது இன்சார்ஜ். நம்மைவிடப் பன்மடங்கு சம்பளம் உள்ள நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் புதிதாகப் பதிவு பெற்ற 511 செவிலியரிடம் ஷெலி சைமன்ஸ் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 31 சதவீதத்தினர் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள்; துன்புறுத்தல் கூடக்கூட வேலையை விடும் எண்ணமும் கூடியது. கனடாவில் ஹெதர் லாஷிங்கர் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் புதுச் செவிலியரில் மூன்றில் ஒருவர் இந்த நிலையில் இருந்தார். சம்பளம் ஒருவரை வேறு வேலை தேட வைக்கிறது. இருக்கும் இடத்தின் நடத்தை அவர் எந்த மாதத்தில் போவார் என்பதைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் ராஜினாமாக் கடிதங்களில் இந்தக் காரணம் ஏன் வருவதே இல்லை?

வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ ஜெர்மனிக்கோ போக நினைக்கும் செவிலியருக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும். இரண்டு ஆண்டு என்பதே எல்லார் வாயிலும் இருக்கும் கணக்கு. அந்தச் சான்றிதழில் கையெழுத்திடப்போவது எந்த அலுவலகத்தைப் பற்றி அவர் புகார் சொல்ல வேண்டுமோ அந்த அலுவலகம்தான். எனவே அவர் இருபத்து நான்கு மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ‘சொந்தக் காரணங்கள்’ என்றோ ‘திருமணம்’ என்றோ ‘வெளிநாட்டு வாய்ப்பு’ என்றோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். நிர்வாகமும் ‘நம் பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விடுகிறார்கள்’ என்று பெருமையும் வருத்தமும் கலந்து சொல்லிக்கொள்கிறது.

ஏசியைக் குறைத்த அந்தப் பெண் இரண்டாண்டு முடிந்த மறுநாள் கடிதம் கொடுத்தாள். சொந்தக் காரணங்கள் என்றிருந்தது. அதை வாங்கிக் கோப்பில் வைத்தவள் நான். அவளுக்கு வைத்த பெயரும் எனக்குத் தெரியும், காரணமும் தெரியும். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வெளியேற்ற விகிதத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஓர் ஆண்டில் விலகியவர்களின் எண்ணிக்கையை, அந்த ஆண்டில் சராசரியாக இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அறுபது பேரில் இருபத்தொருவர் போயிருந்தால் 35 சதவீதம். இதோடு நிறுத்தினால் ஒன்றும் விளங்காது. வார்டுவாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு, சேர்ந்து எத்தனையாவது மாதத்தில் போனார்கள் என்று பிரிக்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு குவியலும் இருபத்து நான்கை ஒட்டி இன்னொரு குவியலும் ஒரே வார்டில் தெரிந்தால், அந்த வார்டின் பழைய டூட்டி லிஸ்டுகளை எடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

ஒருவர் போனால் இன்னொருவர் வருகிறார். மருத்துவமனைக்கு என்ன நட்டம்?

ஒரே வகைப் பணியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த பிறகே ஒரு செவிலியர் திறனுள்ளவர் என்ற படிக்கு வருகிறார் என்று பாட்ரிசியா பென்னர் 1984-இல் எழுதினார். நம் இருபத்து நான்கு மாதக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கற்றுக்கொடுக்கும் செலவு முழுவதும் நம்முடையது. கற்று முடித்த பயன் வேறு யாருக்கோ. புதிதாக வருகிறவருக்கு மருந்து அலமாரி எங்கே என்பது முதல் எந்த டாக்டரின் கையெழுத்து எப்படி என்பது வரை ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த ஒருவரும் போன வாரம்தான் பழகியவராக இருப்பார். இருப்பவர்களுக்கு டபுள் டூட்டி விழுகிறது, எரிச்சல் கூடுகிறது, அடுத்து வரும் பெண் அந்த எரிச்சலுக்குள் வந்து இறங்குகிறாள்.

நோயாளிக்கு இதனால் ஆபத்து உண்டா?

உண்டு, அதுவும் சத்தமில்லாமல். கேட்டால் அவமானப்படுத்துவார்கள் என்று பயப்படும் செவிலியர், பொட்டாசியம் குளோரைடு அளவில் சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டார். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் இரட்டைச் சரிபார்ப்புக்கு இன்னொருவரைக் கூப்பிடாமல், அவர் பார்த்ததாகத் தாமே குறித்துவிடுவார். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2008 ஜூலையில், மிரட்டும் நடத்தை மருத்துவப் பிழைகளுக்கு வழிவகுக்கிறது என்று எச்சரிக்கை வெளியிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து அதற்கான நடத்தை விதி வைத்திருப்பதைக் கட்டாயமாக்கியது.

ஆண் செவிலியருக்கும் நடக்கிறதா?

நடக்கிறது. தூக்க வேண்டிய நோயாளி, குடித்துவிட்டு வந்த உறவினர், பிணவறை வரை தள்ளிப் போக வேண்டிய ஸ்ட்ரெச்சர் எல்லாம் ‘பிரதர் பார்த்துக்கொள்வார்’ என்றாகிவிடுகிறது. புகார் சொன்னால் ஆம்பிளைக்கு என்ன என்ற சிரிப்பு தனி.

சட்டத்தில் வழி இருக்கிறதா?

பணியிடத் துன்புறுத்தல் என்ற பொதுப் பெயரில் நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. பாலியல் தொல்லையாக இருந்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பெண் ஊழியருக்குத் துணை நிற்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், கடைசி நிகழ்விலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உயிருக்கோ மானத்துக்கோ கேடு செய்வேன் என்று அச்சுறுத்தினால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு. தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கேரளத்தின் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் காட்டிச் சிலர் கேட்கிறார்கள். அவை மருத்துவமனைகளில் நடக்கும் வன்முறையையும் சொத்துச் சேதத்தையும் மனத்தில் வைத்து இயற்றப்பட்டவை, டூட்டி லிஸ்ட் பழிவாங்கலுக்கு அவற்றை நம்பி இறங்க வேண்டாம்.

எல்லைக்கு அப்பால் அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுத வழி செய்கிறது. மலையாளத்தில் எழுத வராது என்பதற்காகப் புகாரை விழுங்க வேண்டியதில்லை.

என்ன குறித்து வைக்க வேண்டும்?

தேதி, நேரம், படுக்கை எண், சொன்ன சொல் சொன்னபடியே, அருகில் இருந்தவர். நோயாளியின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு மாத டூட்டி லிஸ்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு விண்ணப்பத்தை இரண்டு படியாக எழுதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ‘என்னைக் கொடுமைப்படுத்துகிறார்’ என்ற புகாருக்கு நிர்வாகம் பதில் சொல்லிவிடும். ‘மூன்று மாதத்தில் எனக்கு முப்பத்தொரு நைட், மற்றவர்களுக்குச் சராசரி பதினாறு’ என்ற புகாருக்கு அவ்வளவு எளிதில் சொல்ல முடியாது.

அந்த நேரத்தில் வாய் அடைத்துப்போகிறது. என்ன சொல்வது?

மார்த்தா கிரிஃபின் என்பவர் பாஸ்டன் நகரில் 26 புதுச் செவிலியருக்கு, இப்படிப்பட்ட தருணங்களில் சொல்ல வேண்டியவற்றை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப் பயிற்சி கொடுத்து, அந்த வாக்கியங்களைச் சிறு அட்டையாகவும் தந்து, 2004-இல் அதன் விளைவை எழுதினார். எதிர்த்துப் பேசியதும் அந்தச் சீண்டல்கள் பெரும்பாலும் நின்றன. நம் வார்டுக்கு ஏற்றபடி இரண்டு வாக்கியம்: ‘அக்கா, நான் செய்தது தப்பென்றால் தனியாகச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன், நோயாளி முன்னால் வேண்டாம்.’ ஓவர் எடுக்கும்போது: ‘சேச்சி, வேறு ஏதாவது நான் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டா என்று கேட்டதாக எழுதிக்கொள்கிறேன்.’ இரண்டாவதைச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தால், மறந்துபோன செய்திகள் பல நினைவுக்கு வருவதைப் பார்ப்பீர்கள். வீட்டில் கண்ணாடி முன் பத்து முறை சொல்லிப் பழகாமல் வார்டில் வராது.

நானே இன்சார்ஜ். என்னைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது. நான் கண்டிப்பானவள், அவ்வளவுதான். என்ன செய்வது?

உங்கள் கையெழுத்தில் உள்ள கடந்த ஆறு மாத லிஸ்டை எடுத்து, பெயருக்குப் பெயர் நைட், ஆஃப், மறுக்கப்பட்ட விடுப்பு ஆகியவற்றை எண்ணிப் பாருங்கள். எண்கள் ஏறக்குறையச் சமமாக இருந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஒரு பெயர் மட்டும் தனித்து நின்றால், கண்டிப்பு என்ற சொல்லைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள்.

நிர்வாகம் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

லிஸ்டைத் திறந்து வைக்க வேண்டும். மாதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, எல்லாருடைய நைட், ஆஃப் எண்ணிக்கையும் கூட்டல் போட்டு, எல்லாரும் பார்க்கும் சுவரில் ஒட்ட வேண்டும். நடுவில் மாற்றினால் மாற்றியவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். காசு செலவில்லாத வேலை இது. கருத்தரங்கும் சுவரொட்டியும் இதற்குப் பிறகு வரட்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதம் ஒரே மூத்தவரைத் துணையாகக் கொடுத்து, அந்த மூத்தவருக்கு அந்நாள்களில் இரண்டு படுக்கை குறைக்க வேண்டும். விலகுகிறவரிடம் காரணம் கேட்பது, சான்றிதழைக் கையில் கொடுத்த பிறகு, வார்டோடு சம்பந்தப்படாத ஒருவர் மூலம் நடக்க வேண்டும். அதற்கு முன் கேட்டால் சொந்தக் காரணங்கள் என்றே பதில் வரும்.

பொறுத்திருப்பதா, விட்டுவிடுவதா?

முதலில் வார்டு மாற்றம் கேளுங்கள், எழுத்தில். அதுவும் மறுக்கப்பட்டு, உறக்கம் கெட்டு, மருந்துத் தட்டைத் தூக்கும்போது கை நடுங்கத் தொடங்கியிருந்தால், மீதியிருக்கும் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். பதினெட்டு மாத அனுபவமும் அனுபவம்தான், அடுத்த மருத்துவமனையில் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். நியமன ஆணையில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறதோ அத்தனை நாள் கொடுத்து, கடிதத்தைப் பதிவஞ்சலிலும் ஒரு படி அனுப்புங்கள். சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வதே முறை. ஏற்கெனவே கொடுத்திருந்தால், ராஜினாமாவுக்கு முன் வேறு தேவை சொல்லி வாங்கிவிடுங்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பணியாற்றிய பிரிவு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை நான்கும் இருக்கின்றனவா என்று அலுவலகத்தை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். வெளிநாட்டுப் பதிவின்போது சரிபார்ப்பு நிறுவனம் இதே அலுவலகத்துக்குத்தான் எழுதிக் கேட்கும். ஆகவே கையெழுத்திட்டவரின் பெயரையும் பதவியையும் மின்னஞ்சல் முகவரியையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.